அமிகா 500-இன் நினைவக அட்டையில் பேட்டரி செத்துவிட்டது; அந்த இடத்தில் பட்டன் செல் போடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் ஜெர்மனியில் ஒரு பழைய பொருள் சந்தையில் அமிகா 500 என்ற கொமடோர் நிறுவனத்தின் பழைய வீட்டுக் கணினியை வாங்கியிருக்கிறீர்கள். அதன் அடிப்பக்கத்துச் சிறு கதவுக்குள் ஏ501 நினைவக அட்டை செருகப்பட்டிருக்கிறது. விளையாட்டுகள் எல்லாம் ஓடுகின்றன, தேதி மட்டும் நிற்பதில்லை. அட்டையின் தகர உறையைத் திறந்து பார்த்தால் 3.6 வோல்ட் என்று எழுதிய ஒரு நீல உருளை பேட்டரியும் அதன் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாகக் கொஞ்சம் பொடியும் தெரிகின்றன. இதைக் கழற்றிவிட்டுக் கடையில் கிடைக்கிற சிஆர் 2032 பட்டன் செல்லை வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஒருவர் தாராளமாக வையுங்கள் என்று சொன்னாராம், இன்னொருவர் வெடிக்கும் என்று சொன்னாராம்.

எந்த பேட்டரியைப் போடுவது என்பது நிதானமாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். அடுத்த மாதம் முடிவு செய்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. அந்தப் பொடியைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் அவசரம் அங்கேதான் இருக்கிறது. புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பழைய பேட்டரியை இன்றைக்கே போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் பல வருடங்களாகப் பழைய போர்டுகளைப் பழுது பார்க்கிறவன். இந்தக் காலத்துக் கணினிகளில் சிப் தானாகச் செத்துப் போர்டு வீணானதைவிட, பேட்டரி கசிந்து வீணானதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். அமிகா 500 வெளிவந்தது 1987-இல். அந்த மெயின் போர்டில் கடிகாரமும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. ஏ501 அட்டைதான் இன்னொரு 512 கிலோபைட் ரேமையும், கூடவே ஒரு கடிகார சிப்பையும் கொண்டுவருகிறது. சிப் ஓகி நிறுவனத்தின் எம்எஸ்எம் 6242. பக்கத்தில் அதற்கு நேரத் துடிப்பைத் தரும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருக்கும். கணினியை அணைத்த பிறகும் இந்த சிப் மணி எண்ணிக்கொண்டே இருப்பதற்காகத்தான் பேட்டரி. அதைத் தவிர அந்த பேட்டரிக்கு வேறு வேலையே இல்லை. பிசி ஏடி வகைக் கணினிகளில் ஹார்ட் டிஸ்க் விவரம் முதலான அமைப்புகளை பேட்டரிதான் காப்பாற்றி வைத்திருக்கும். அமிகா 500-இல் அப்படி எதுவும் இல்லை, அமைப்புகள் எல்லாம் டிஸ்கில் இருக்கின்றன. ஆகவே பேட்டரியை எடுத்துவிட்டால் கணினி ஓடாதோ என்ற பயம் வேண்டாம். அதே 1 மெகாபைட்டோடு, அதே வேகத்தில் ஓடும். தேதி மட்டும் தவறாக இருக்கும். விளையாட மட்டும் வைத்திருப்பவருக்கு அது ஒரு குறையே அல்ல. அமிகாவின் திரைச் சூழலான வேர்க்பெஞ்சில் கோப்புகள் எழுதிச் சேமிப்பவருக்குத்தான் சரியான தேதி உதவும்.

அந்த நீல உருளைக்குள் மூன்று நிக்கல் காட்மியம் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், மொத்தம் 3.6. உள்ளே இருக்கும் திரவம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது நல்ல வீரியமுள்ள காரம். கணினியை அடிக்கடி பயன்படுத்திய காலத்தில் 5 வோல்ட் மின்சாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பரணில் பல வருடம் கிடந்தபோது மூன்று செல்களும் வற்றின. மூன்றும் ஒரே நேரத்தில் வற்றுவதில்லை. பலவீனமான செல் முதலில் காலியாகிறது, மற்ற இரண்டும் அதன் வழியாகத் தொடர்ந்து மின்சாரத்தைத் தள்ளும்போது அது தலைகீழாகச் சார்ஜ் ஆகிறது, உள்ளே வாயு உண்டாகிறது, அழுத்தம் ஏறி மூடி விட்டுக்கொடுக்கிறது. வாயு அழுத்தம் இல்லாவிட்டாலும்கூட வயதான ரப்பர் அடைப்பைத் தாண்டிக் காரத் திரவம் மெல்ல ஊர்ந்து வரும். எதிர்முனைப் பக்கம் இந்த ஊர்தல் அதிகம் என்பது பேட்டரி செய்பவர்கள் நன்கு அறிந்த விஷயம். அதனால்தான் பெரும்பாலும் ஒரு முனையில் மட்டும் பொடி பூத்திருக்கிறது.

வெள்ளைப் பொடி என்பது வெளியே வந்த காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆனது. பச்சை, செம்பு அரித்து வந்த களிம்பு. வெள்ளை மட்டும் இருந்தால் சேதம் பெரும்பாலும் மேலோட்டம். பச்சை இருக்கிறது என்றால் செம்பு கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரிகிற பச்சையைவிடப் போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் நடப்பதுதான் மோசம். திரவம் செப்புத் தடத்தின் மேலேயே பூச்சுக்கு அடியில் ஓடி, பேட்டரியிலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளிப் போய் வேலையைக் காட்டும். ஈரப்பதம் இருக்கும்வரை அது நிற்காது. பேட்டரி செத்தாலும் அதன் திரவம் சாவதில்லை. "எப்படியும் ஓடுகிறதே, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவைப்பது அதனால்தான் சரியில்லை.

எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் போர்டு கெடுவது பல சமயம் இந்தக் கட்டத்தில்தான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். காரம் கண்ணில் பட்டால் ஆபத்து, காட்மியம் உடலுக்கு நஞ்சு. பொடியை உலர்ந்தபடியே சுரண்டாதீர்கள், வாயால் ஊதவும் செய்யாதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். முதலில் நேர்முனை, எதிர்முனை தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்துப் போர்டிலும் பேனாவால் குறித்துவிடுங்கள். அப்புறம் ஸ்குரூடிரைவர் கொடுத்து நெம்ப வேண்டாம். அரிக்கப்பட்ட போர்டில் செப்பு வளையம் பலவீனமாக இருக்கும், பேட்டரியோடு சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். சிறு கட்டரால் பேட்டரியின் கால்களை நறுக்கி உருளையைத் தனியே எடுத்துவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது. போர்டில் மிச்சமிருக்கும் கால் துண்டுகளைப் பிறகு ஒவ்வொன்றாக சால்டரிங் அயர்ன் வைத்து எடுக்கலாம். காரம் பட்ட சால்டர் மங்கிய சாம்பல் நிறமாகி உருகவே மறுக்கும். சூட்டைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, மேலே கொஞ்சம் புதிய ஈய சால்டரைச் சேர்த்து உருக்குங்கள், பழையது அதோடு கலந்து இளகிவிடும். எதிர்முனைக் கால் பெரிய செப்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சும், அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சுத்தம் செய்வதில் ஒரு தவறான அறிவுரை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. பேட்டரி கசிந்தால் சமையல் சோடா போட்டுத் தேய்க்க வேண்டும் என்பார்கள். அமிலம் கசிந்தால்தான் சோடா பயன்படும். இங்கே கசிந்தது காரம், சோடாவும் காரத்தன்மை உள்ளதுதான், அதனால் இதைச் சமன் செய்யாது. இதற்கு வேண்டியது லேசான அமிலம். செம்புப் பாத்திரத்தின் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுப்பது மாதிரிதான், ஆனால் புளியோ எலுமிச்சையோ வேண்டாம், சக்கையும் சர்க்கரையும் போர்டில் தங்கிவிடும். நிறமில்லாத வெள்ளை வினிகர் போதும். பஞ்சுக் குச்சியில் தொட்டு, பொடி இருக்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரைக்கும். நுரைப்பது நிற்கும்வரை இரண்டு மூன்று முறை செய்துவிட்டு உடனே நிறுத்திவிடுங்கள். வினிகரை ஊற்றி ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள், அது சரியில்லை, வினிகரே செம்பை அரிக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவி, கடைசியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் விட்டு நீரை வெளியேற்றி, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். மெயின் போர்டோடு சேரும் கனெக்டரை மறந்துவிடக் கூடாது. திரவம் அதற்குள் போயிருந்தால் சில நாள் கழித்து ரேம் கிடைத்தும் கிடைக்காமலும் விளையாட்டுக் காட்டும்.

உலர்ந்த பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பச்சைப் பூச்சு கருத்தோ உப்பியோ இருக்கிற இடங்களில் அதை மெல்லச் சுரண்டி, கீழே செம்பு பளிச்சென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பளிச்சென்று இருந்தால் அதன்மேல் மெலிதாக சால்டர் பூசி மூடிவிடலாம். அறுந்திருந்தால் மெல்லிய வயரால் பாலம் போட வேண்டும். மல்டிமீட்டரில் சத்தம் எழுப்பும் சோதனையை வைத்து, அந்தப் பகுதியின் ஒவ்வொரு தடத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொட்டுப் பாருங்கள். போர்டின் இரு பக்கங்களையும் இணைக்கும் சிறு துளைகளுக்குள் இருக்கும் செம்பு கண்ணுக்குத் தெரியாமல் அரித்துப் போயிருக்கும். "தடம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் வேலை செய்யவில்லை" என்று குழம்புவது பெரும்பாலும் இந்தத் துளைகளால்தான்.

சரி, இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சிஆர் 2032 சார்ஜ் செய்யக்கூடாத செல். நீங்கள் எடுக்கப்போகிற நிக்கல் காட்மியமோ சார்ஜ் ஆகிற வகை, அதற்கு ஏற்றபடி போர்டில் ஒரு சார்ஜ் வழி இருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் பட்டன் செல்லை அங்கே வைத்தால் கணினி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அந்தச் செல்லுக்குள் மின்சாரம் தள்ளப்படும். உள்ளே வாயு உண்டாகும், செல் உப்பும், கசியும், மோசமான நிலையில் வெடித்துத் தீப்பற்றவும் கூடும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அதே நேரத்தில், வைத்தவர் பலருக்கு எதுவும் ஆகவில்லை என்பதும் உண்மைதான். சார்ஜ் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்திருக்கும், அல்லது கணினியை மாதத்துக்கு ஒரு மணி நேரம்தான் ஓட்டியிருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் அட்டைக்கு உத்தரவாதம் ஆகாது. ஆகவே உங்களுக்குப் பதில் சொன்ன இருவரில் எச்சரித்தவர் பக்கம்தான் நான். வழியை அடைத்துவிட்டால் மட்டும் முதலாமவர் சொன்னதும் சரியாகிவிடும்.

"போர்டில் ஏற்கெனவே டையோடு இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னொன்று" என்று வாதிடுபவர்கள் உண்டு. இங்கேதான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று விளக்குகிறேன். டையோடு என்பது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம். இந்த மாதிரி சர்க்யூட்களில் பொதுவாக 5 வோல்ட் ஒரு டையோடு வழியாகக் கடிகார சிப்புக்கு வரும். கணினி அணைந்திருக்கும்போது பேட்டரி மொத்தப் போர்டுக்கும் மின்சாரம் கொடுக்கப் போய் நொடியில் வற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த டையோடு. அதாவது பேட்டரியிலிருந்து கணினிக்குப் போவதை அது தடுக்கிறது. கணினியிலிருந்து பேட்டரிக்கு வருவதை அது தடுப்பதில்லை. அந்தத் திசையில் மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருக்கும், அதுவும் தடுப்பதற்காக அல்ல, சார்ஜ் அளவாக ஏறட்டும் என்பதற்காக.

இந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டால் போதும் என்பார்கள். சில போர்டுகளில் போதும், சிலவற்றில் போதாது. சார்ஜுக்கு ஒரு வழி, சிப்புக்கு ஊட்டுவதற்கு டையோடு வைத்த தனி வழி என்று பிரித்து அமைத்திருந்தால், சார்ஜ் ரெசிஸ்டரை எடுத்த பிறகு பட்டன் செல்லை அப்படியே வைக்கலாம். ஒரே ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜும் உள்ளே போய், தேவைப்படும்போது மின்சாரமும் வெளியே வருகிற அமைப்பாக இருந்தால், அதை எடுத்த உடனே செல்லுக்கும் சிப்புக்கும் தொடர்பே அறுந்துபோகும். ஏ501 என்ற பெயரில் கொமடோர் செய்ததும் உண்டு, அதைப் பார்த்து மற்ற நிறுவனங்கள் செய்த அட்டைகளும் ஏராளம். உங்களுடையது எது என்பதை நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆகையால் ரெசிஸ்டர் எண்ணைச் சொல்லி "இதைக் கழற்று" என்று நான் எழுதப்போவதில்லை. எந்த அட்டைக்கும் பொருந்துகிற முறை, செல்லோடு வரிசையாக ஒரு புது டையோடைச் சேர்ப்பதுதான்.

அதற்கு முன் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்து, சுத்தம் செய்து, உலர்த்திய அட்டையைச் செருகிக் கணினியை ஓட்டுங்கள். பேட்டரி இருந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 4 வோல்ட்டுக்கு மேல் எதையாவது காட்டினால் சார்ஜ் வழி உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் அரிப்பில் ஏதோ தடம் அறுந்திருக்கலாம், மகிழ்ச்சியடைய வேண்டாம், அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

டையோடாக 1என்4148 போதும், எங்கும் கிடைக்கும். பட்டை போட்ட முனை போர்டின் நேர்முனைப் புள்ளிக்கு, மறுமுனை செல் தாங்கியின் நேர்முனைக்கு. அதோடு வரிசையாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். லித்தியம் செல் செய்பவர்களே இப்படி டையோடும் ரெசிஸ்டரும் சேர்த்து வைக்கத்தான் சொல்கிறார்கள். டையோடு பழுதாகி இருபுறமும் கடத்தத் தொடங்கினாலும் ரெசிஸ்டர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி வைக்கும். டையோடில் கொஞ்சம் வோல்ட் வீணாகும், கடிகாரத்துக்குப் போதுமா என்று கேட்பீர்கள். வழக்கமாகச் சொல்லும் 0.6, 0.7 வோல்ட் இழப்பு மில்லி ஆம்பியர் கணக்கில் ஓடும்போதுதான். சில மைக்ரோ ஆம்பியர் மட்டும் ஓடும் இடத்தில் இழப்பு 0.4 வோல்ட் அளவில் இருக்கும். 3 வோல்ட்டில் அது போனால் 2.6 மிச்சம். இந்த சிப் 2 வோல்ட் வரை நேரத்தைத் தக்கவைக்கும். ஆகவே தாராளமாகப் போதும்.

இழப்பு குறைவு என்று ஷாட்கி டையோடைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. சிறிய வகை என்றால் சரி, பவர் சப்ளைக்குப் பயன்படுத்தும் பெரிய ஷாட்கி டையோடு வேண்டாம். அவை தலைகீழ் திசையில் கணிசமாகக் கசியும். தலைகீழாகக் கசிவதும் சார்ஜ்தானே. 1என்4148-இன் கசிவு 20 வோல்ட்டிலேயே 25 நானோ ஆம்பியர்தான். வருடம் முழுக்க அணைக்காமல் ஓட்டினாலும் மொத்தம் 0.22 மில்லி ஆம்பியர் மணிக்குமேல் போகாது. 220 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள செல்லுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

வேலை முடிந்ததும் செல்லை வைப்பதற்கு முன் இன்னொரு சோதனை இருக்கிறது. கணினியை ஓட்டிக்கொண்டு, காலியான தாங்கியின் இரு முனைகளுக்கு இடையே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து வோல்ட் பாருங்கள். சில மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ரெசிஸ்டர் வைக்காமல் வெறும் மீட்டரால் தொட்டால் சிறு கசிவுகூட ஏதோ சில வோல்ட்டாகத் தெரிந்து உங்களைப் பயமுறுத்தும். ரெசிஸ்டர் வைத்த பிறகும் வோல்ட் கணக்கில் வந்தால் டையோடு திருப்பிப் போடப்பட்டிருக்கிறது.

தாங்கியைப் பேட்டரி இருந்த இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் இரண்டு வயர் இழுத்து, தகர உறைக்கு வெளியே, இடம் இருக்கிற பக்கத்தில் இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவேன். என்றாவது இதுவும் கசிந்தால் செப்புத் தடத்தின் மேல் கசியாது. வயர் உறையின் கூர்மையான விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்லின் மேல் நேரடியாக சால்டர் வைக்கவே வேண்டாம், சூட்டில் உள்ளே உள்ள அடைப்பு போய்விடும், செல் வெடிக்கவும் செய்யலாம்.

வேறு வழிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அதே மாதிரி 3.6 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு உருளை இன்றும் விற்கிறது, சர்க்யூட்டில் எதையும் மாற்றாமல் பொருந்தும். ஆனால் அதற்குள் இருப்பதும் அதே காரம்தான். கணினி மீண்டும் பத்து வருடம் அலமாரியில் தூங்கினால் அதே கதை மீண்டும் நடக்கும். போட்டே தீர வேண்டும் என்றால் வயர் வைத்துத் தள்ளி வையுங்கள். எல்ஐஆர் 2032 என்று சார்ஜ் செய்யக்கூடிய பட்டன் செல் கிடைக்கிறது, பெயரைப் பார்த்து அதுதான் சரியான தீர்வு என்று நினைப்பவர் அதிகம். அந்த லித்தியம் அயான் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. 5 வோல்ட்டில் டையோடு இழப்பு போக 4.4 வரை வரக்கூடிய இந்த நிக்கல் காட்மியம் சார்ஜ் வழிக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சார்ஜ் ஆகும் இன்னொரு பட்டன் செல்லான எம்எல் 2032 அதைவிடக் குறைந்த வோல்ட்டிலேயே நிறுத்த வேண்டிய வகை. இரண்டையும் இந்தப் போர்டில் நேரடியாக வைக்காதீர்கள். பேட்டரி போல மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சூப்பர் கெபாசிட்டர் எனக்குப் பிடித்த தீர்வு, ஒரு நிபந்தனையோடு. 5.5 வோல்ட் தாங்கும் 1 ஃபாரட் கெபாசிட்டரை 4.3 வோல்ட் வரை ஏற்றினால், சிப் 5 மைக்ரோ ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 2 வோல்ட்டுக்கு இறங்க ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். வாரத்தில் பலமுறை கணினியை ஓட்டுபவருக்கு அது போதும். மாதம் ஒருமுறை ஓட்டுபவருக்குப் போதாது.

பட்டன் செல் எவ்வளவு காலம் வரும் என்பதில்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே 5 மைக்ரோ ஆம்பியர் கணக்கில் 220 மில்லி ஆம்பியர் மணி என்பது 44,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடம். இது காகிதக் கணக்கு. உங்கள் சிப்பும், அரிப்பு பட்ட போர்டில் மிச்சமிருக்கும் கசிவும் சேர்ந்து எவ்வளவு இழுக்கின்றன என்பதை அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் வோல்ட் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ளலாம். கணினி அணைந்திருக்கும்போது 5 மில்லி வோல்ட் காட்டினால் 5 மைக்ரோ ஆம்பியர் என்று பொருள். 50 மில்லி வோல்ட் காட்டினால் போர்டு இன்னும் சுத்தமாகவில்லை, மறுபடி கழுவுங்கள். எப்படியானாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செல்லை மாற்றிவிடுவது நல்லது, விலை ஒன்றும் பெரிதில்லை.

இதைப் படிக்கிற வேறு சிலரிடம் அமிகா 500 பிளஸ் அல்லது அமிகா 2000 இருக்கலாம். அவர்களுக்கு இது இன்னும் அவசரம். 1991-இல் வந்த 500 பிளஸில் கடிகாரமும் பேட்டரியும் மெயின் போர்டிலேயே இருக்கின்றன. 2000-இல் பேட்டரி 68000 பிராசசருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கசிந்தால் பிராசசர் சாக்கெட்டும் அதன் அருகிலுள்ள தடங்களும்தான் முதல் பலி. உங்களுக்கு வீணானால் ஓர் அட்டைதான் வீண், அவர்களுக்குக் கணினியே வீண். சாதாரண 500 வைத்திருப்பவர்கள் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

அந்தக் காலத்து ஆப்பிள் மெக்கின்டாஷ் வைத்திருப்பவர்கள் நான் மேலே சொன்ன வினிகரை அப்படியே எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். எஸ்இ, எஸ்இ 30, கிளாசிக் போன்றவற்றில் இருப்பது பாதி ஏஏ அளவுள்ள 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு செல். வோல்ட் ஒன்றுதான், வேதியியல் முற்றிலும் வேறு. அதன் உள்ளிருப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக டைஆக்சைடும் உண்டாகும். சமையல் சோடாவுக்கு வேலை இருப்பது அங்கேதான். வெடித்துச் சிதறிய அந்த செல்கள் மெக்கின்டாஷின் உள் இரும்புச் சட்டத்தையே துருவாக்கி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் அறிவுரை ஒன்றுதான்: ஓட்டாமல் வைக்கும் கணினியில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். ஆனால் மெக்கின்டாஷ் 2, 2எக்ஸ் போன்றவை பேட்டரி இல்லாமல் ஆன் ஆகாது, அவற்றில் பேட்டரி பெரும்பாலும் சால்டர் செய்யப்பட்டும் இருக்கும். அங்கே பழையதை எடுத்துவிட்டுத் தாங்கி வைத்து, ஓட்டும் நாளில் மட்டும் செல் போடுவது நல்லது.

எடுத்த நிக்கல் காட்மியம் உருளையை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். சின்னப் பிளாஸ்டிக் பையில் மூடி எடுத்துப்போங்கள். ஜெர்மனியில் பேட்டரி விற்கும் கடைகள் பழையதைக் காசில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டாலே போதும்.

எல்லாம் முடிந்ததும் நேரத்தை வைக்க வேண்டும். வேர்க்பெஞ்ச் 1.3 என்றால் தேதியை வைத்துவிட்டு செட்கிளாக் கட்டளையால் சிப்பில் சேமிக்க வேண்டும், தொடங்கும்போது சிப்பிலிருந்து படிக்கும் செட்கிளாக் வரி ஸ்டார்ட்அப் கோப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். செல் நன்றாக இருந்தும் தேதி நிற்கவில்லை என்று புலம்புபவர்களில் சிலரிடம் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான். அமிகாவின் சிப்பிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான கிக்ஸ்டார்ட், 2-ஆம் பதிப்பிலிருந்து தானே படித்துக்கொள்ளும். நேரத்தை வைத்து, ஒரு நாள் அணைத்து வைத்துவிட்டு, மறுநாள் போட்டுப் பாருங்கள். ஓரிரு வினாடி முன்பின் இருந்தால் அது கிரிஸ்டலின் இயல்பு, மாதத்துக்கு ஒரு நிமிடம் வரை தவறுவது சகஜம். கடிகாரம் அசையாமல் அதே இடத்தில் நின்றிருந்தால் கிரிஸ்டலின் கால்களைப் பாருங்கள். மெல்லிய கால்கள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருப்பவை, காரம் அவற்றைத்தான் சீக்கிரம் தின்னும். அதே 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.